நானூறு லிட்டர் பினாயில்

அத்தியாயம் 5

"மேடம், ஊர்க்காரங்க வீட்டு ஜன்னல்ல இப்படி எட்டிப் பாத்தா முதுகுல விழும். கவர்மென்ட் ஜன்னலுங்கதால தப்பிச்சீங்க" என்றான் ஜெர்சன்.

சண்முகசுந்தரி முத்துமுனை அரசு ஆஸ்பத்திரியின் பின்கட்டில், அழுக்கேறிய ஒரு கண்ணாடி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். பக்கத்துக் கதவில் ஒரு பெரிய பூட்டு. பூட்டைச் சுற்றித் துணி, துணியின் மேல் அரக்கு முத்திரை. உப்புக்காற்று பட்டு அரக்கே வெளுத்துப்போயிருந்தது.

தணிக்கைத் துறையில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டிய அம்மாள் அவர். ஓய்வு பெற்ற மறுமாதமே தூத்துக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியைப் பிடித்துத் துப்பறியும் ஆபீஸ் போட்டுவிட்டார். ஜெர்சன் அதற்கு முன்னால் கேபிள் டிவி லைன்மேன். ஊர் முழுக்க செல்போனில் படம் பார்க்க ஆரம்பித்த பிறகு அந்தப் பிழைப்பு படுத்துவிட்டது. ஏணியைப் போட்டுவிட்டு மேடத்திடம் வந்து சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. வயது நாற்பதைத் தொடப்போகிறது. இன்னமும் ஒரு நாள் லீவு வேண்டுமென்றால் மேடம் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "எதுவா இருந்தாலும் எழுத்துல குடு."

"ஏலே, ஜன்னல் திட்டுல என்ன இருக்குன்னு பாரு" என்றார் மேடம்.

ஜெர்சன் எக்கிப் பார்த்தான். அறை நடுவில் ஆள் படுக்கிற அளவுக்கு நீளமான இரும்பு டாங்க். அதற்கு வட்டக் கதவு, முள் காட்டும் மீட்டர்கள். எல்லாவற்றின் மீதும் தூசி. ஜன்னல் திட்டில் வரிசையாகச் சங்குகள்.

"சங்கு மேடம்."

"எத்தனை?"

அவன் புன்னைக்காயல்காரன். மீன் கூறு எண்ணி வளர்ந்த கண். "இருபது" என்றான் உடனே. "ஒண்ணுகூட பூச்சி அரிச்ச சங்கு இல்ல. எல்லாம் முதல் தரம். விக்கப் போனா நல்ல விலை கிடைக்கும்."

"இதுவரைக்கும் ஒரு ஆளுக்குக்கூட ஓட்டாத மெஷின்னு ரெக்கார்டு சொல்லுது. ஓட்டாத மெஷின் ரூமுக்குள்ள இருபது சங்கு எப்படில வந்துச்சு?"

"நடந்து வந்திருக்கும். உள்ள பூச்சி இருந்தா சங்கு நடக்கும் மேடம்."

மேடம் அவனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை. இந்த வழக்கில் மூன்று நாளாகவே இல்லை.

மூன்று நாளுக்கு முன்பு மாடிப்படி ஏறி வந்தவள் பெயர் ஜெனோவா. வயது இருபத்தெட்டு. புருஷன் ஷாம் சங்கு குளிக்கிறவன். கடலுக்கடியில் நெடுநேரம் இருந்துவிட்டு அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் காற்று குமிழ் கட்டிவிடும். கைகால் இழுக்கும், மூச்சு நிற்கும். அதற்கு வைத்தியம் ஒன்றுதான். ஆளை இரும்பு டாங்கில் படுக்கவைத்து, ஆழ்கடலில் இருந்த அதே அழுத்தத்தை உண்டாக்கி, ஆக்சிஜன் கொடுத்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். நாற்பது நாளுக்கு முன் ஷாமுக்கு அப்படி ஆனது. மற்றவர்கள் தூத்துக்குடிக்கு வண்டி பிடிக்கச் சொன்னார்கள். ஜெனோவாதான் மறுத்து, பக்கத்தில் இருக்கிற முத்துமுனைக்குக் கொண்டுபோகச் சொன்னாள்.

"ஆறு வருஷத்துக்கு முந்தி இதே மாதிரி ஆச்சு மேடம். எங்களுக்குக் கல்யாணம் பேசி வச்சிருந்த நேரம். பனிமய மாதா கோயில் கொடியேத்தத்துக்கு மறுநாள். அந்த டாங்க்லதான் வச்சாங்க. சாயங்காலம் அவரு தன் காலால நடந்து வெளிய வந்தாரு. நான் வாசல்ல நின்னு பாத்தேன். வெளிய சொல்லக் கூடாதுன்னாங்க, அவரு அம்மாகிட்டகூடச் சொல்லல. அதான் அங்கன கொண்டு போகச் சொன்னேன்."

காலை பதினொன்றுக்கு உயிரோடு கொண்டுபோன ஷாம் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் இறந்துபோனான். ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த மெஷின் வந்த நாளிலிருந்து ஓடியதே இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லிப் புருஷனைக் கொன்றவள் என்றது. அன்றிலிருந்து மாமியார் ஜெனோவாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

"அவரை நான் தப்பான வாசலுக்குக் கூட்டிட்டுப் போனேனா? அது ஒண்ணை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரி ஆபீஸ் அறையில் கிளார்க் நேசக்குமார் ஒரு பழுப்பு உறையை எடுத்து மேசையில் வைத்தான். அதற்குள் சாவி இருப்பது தடவினாலே தெரிந்தது. வாயில் அரக்கு, மேலே ஒரு கையெழுத்து, ஐந்து வருஷத்துக்கு முந்திய தேதி.

"இந்த அஞ்சு வருஷத்துல மூணு பேரு ஸ்டோர் பொறுப்புக்கு வந்துட்டாங்க மேடம். மத்த எல்லாத்தையும் எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்குனாங்க. இந்த ரூமை மட்டும் யாரும் வாங்கல. இதைத் தொட்டவருக்கு என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்லா."

"அன்னைக்கு நீங்கதான் டூட்டியா?"

நேசக்குமார் தலையைக் குனிந்துகொண்டான். "நாந்தான். உறையைப் பிரிக்க எனக்கு அதிகாரம் இல்ல. பெரிய டாக்டரு கலெக்டரேட்ல மீட்டிங். போன் எடுக்கல. பிரிச்சாலும் என்ன செய்ய, உள்ள ஒரு சிலிண்டர் கிடையாது. ஓட்டத் தெரிஞ்ச ஆளும் கிடையாது. அந்தப் பிள்ளை ரெண்டு கையாலயும் கதவை அடிச்சுது மேடம். இப்பவும் அந்தப் பக்கம் போனா எனக்கு அந்தச் சத்தம் கேக்கு."

"அதைத் தொட்டவருன்னீங்களே. யாரு?"

"தேவமணி சார். பழைய ஸ்டோர் கீப்பர். ஏதோ பினாயில் கேஸ்ல மாட்டி, ரிட்டையர் ஆகுத அன்னைக்கே சஸ்பெண்ட் ஆனாரு."

மேடத்தின் முகத்தில் சட்டென்று வெளிச்சம் வந்தது. வெளியே வந்து ஜெர்சனின் மோட்டார் பைக்கில் ஏறியதும் அவன் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

"ஏலே, நம்ம பினாயில்காரம்ல."

பினாயில் கதை ஜெர்சனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆபீஸுக்கு வருகிற ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் மேடம் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. கடற்கரையோரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி; அது இந்த முத்துமுனைதான் என்பது மட்டும் இன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. சில்லறைச் செலவில் இரண்டு வருஷத்துக்குள் நானூறு லிட்டர் பினாயில் வெளிக்கடையில் வாங்கியிருக்கிறார்கள். மேடம் ஒரு காகிதத்தையும் புரட்டவில்லை. வராந்தாவில் நின்று மூச்சை நன்றாக இழுத்தார். பினாயில் வாடையே இல்லை. அங்கேயே பேனாவைத் திறந்தார். ஆபீஸில் அதற்குப் பிறகு அவருக்கு 'மூக்குச் சுந்தரி' என்று பெயர் வந்தது, பாராட்டுக் கடிதமும் வந்தது. அந்தக் கடிதம் இப்போது மாடி ஆபீஸில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது.

"எல்லாம் இப்ப ஒண்ணாச் சேருது" என்றார் மேடம் பின்னாலிருந்து. "பினாயில்ல கை வச்சவன் டாங்கை விட்டிருப்பானா? சாவி அவன் கையில. ரெக்கார்டுல ஏத்தாம கள்ளத்தனமா ஓட்டியிருக்கான். சங்கு குளிக்கிறவங்ககிட்ட ஆளுக்கு இவ்வளவுன்னு கறந்திருக்கான். ஜெனோவா சொன்னது நிசந்தான். மெஷின் ஓடியிருக்கு. அவன் வாயால ஒத்துக்கிட்டா போதும், அந்தப் பிள்ளை மேல உள்ள பழி போயிரும்."

"அந்தப் பினாயில் எத்தனை பில்லு மேடம்?"

"இருபது. ஒரு பில்லுக்கு இருபது லிட்டர் கேன் ஒண்ணு. அதெல்லாம் எனக்கு மறக்குமா?"

"அங்கயும் இருபது, இங்கயும் இருபது. ஒரு கேன் வாங்குனா ஒரு சங்கு இலவசம்போல."

அவன் சிரிப்பதற்காகத்தான் சொன்னான். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் பார்த்தான். மேடம் உப்பளங்களின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். தேவமணி குடியிருக்கிற தூத்துக்குடி மில்லர்புரம் வந்து சேர்கிற வரைக்கும் திரும்பவே இல்லை.

தேவமணியின் வீடு ஒரு சந்துக் கடைசியில் ஓட்டு வீடு. நாசரேத்துக்காரர், அறுபத்தைந்தை நெருங்குகிற மனிதர், சட்டையின் மேல் பட்டனும் போட்டிருந்தார். தரையில் பழைய பேப்பரை விரித்து யாரோ ஒருவரின் மிக்ஸியைப் பிரித்து வைத்திருந்தார். வாசலில் நின்ற மேடத்தை நிமிர்ந்து பார்த்தார். ஐந்து வருஷம் ஆகியும் அவருக்கு அடையாளம் காண ஒரு நொடிதான் ஆனது.

"வாங்க மேடம். உக்காருங்க. காலையிலதான் பினாயில் போட்டுத் துடைச்சேன். வேணும்னா மோந்து பாத்துக்கிடுங்க."

இந்த ஊரில் தன்னைத் தவிர இன்னொருவரும் நக்கல் அடிப்பார் என்று ஜெர்சன் நினைத்திருக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் குரலில் கோபம் கொஞ்சம்கூட இல்லை.

மேடம் உட்காரவில்லை. "அந்த டாங்க் ரூமை நீங்க ஓட்டியிருக்கீங்க. எனக்குத் தெரியும். ஆளுக்கு எவ்வளவு வாங்குனீங்க?"

"ஆளுக்கு ஒரு சங்கு" என்றார் தேவமணி. "வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன். கேக்கல. ஜன்னல்ல வச்சிட்டுப் போயிருவாங்க."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கீர்த்தனைப் புத்தகத்துக்கு அடியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தார். மேடம் கையில் கொடுக்காமல் ஜெர்சனிடம் நீட்டினார்.

"நீங்க வாசிங்க தம்பி. மேடத்துக்கு என் கையெழுத்து பழக்கந்தான்."

ஜெர்சன் முதல் பக்கத்தை விரித்தான். இடது பக்கம் பில் எண், தேதி, 'பினாயில் 20 லி.' வலது பக்கம் ஒரு பெயர், வயது. கடைசியில் இரண்டே வார்த்தைகள்.

"ஒண்ணாம் பில்லு. பினாயில் இருபது லிட்டர். செந்தூர்பாண்டி, வயசு நாப்பது. நடந்து போனார்" என்று வாசித்தான். "ரெண்டாம் பில்லு. பினாயில் இருபது லிட்டர். அனிஷ், வயசு பத்தொம்பது. நடந்து போனான்." பக்கத்தைப் புரட்டினான். ஜூலை இருபத்தேழாம் தேதியில் விரல் நின்றது. "பினாயில் இருபது லிட்டர். ஷாம், வயசு இருபத்தஞ்சு. நடந்து போனான்."

மேடம் நோட்டுப் பக்கம் குனிந்து அந்த வரியைத் தானே ஒரு தடவை வாசித்தார்.

"மெஷின் வாங்க டெல்லியிலேர்ந்து பணம் வந்துச்சு" என்றார் தேவமணி. "ரூம் கட்ட மெட்ராஸ்லேர்ந்து வந்துச்சு. திறப்பு விழாவுக்குப் பந்தல் போடவும் கணக்குல ஒரு செலவுத் தலைப்பு இருந்துச்சு. ஆக்சிஜன் வாங்கத் தலைப்பு இல்ல. ஓட்ட ஆள் போடவும் தலைப்பு இல்ல. கம்பெனிக்காரன் மூணு நாள் நின்னு சொல்லிக் குடுத்தான். கேக்க ஆள் இல்லாததால நான் கேட்டுக்கிட்டேன். அப்ப இருந்த டாக்டரும் துணிஞ்ச மனுஷன். ரெண்டு பேருமா ஓட்டுனோம்."

"மேல எழுதியிருக்கலாம்லா" என்றான் ஜெர்சன்.

"பதினொரு லெட்டர் எழுதினேன் தம்பி. பதில் ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. முந்தைய ஆண்டில் செலவு எதுவும் இல்லாததால் நடப்பு ஆண்டுக்கு ஒதுக்கீடு தேவைப்படவில்லை. செலவு செஞ்சாத்தான் பணம் தருவாங்க. பணம் தந்தாத்தான செலவு செய்ய முடியும்? பினாயில் வாங்க மட்டும் யாரையும் கேக்க வேண்டாம். அதுக்குத் தலைப்பு இருக்கு. ரெண்டு சிலிண்டர் விலையும் ஒரு கேன் விலையும் ஏறக்குறையச் சரியா வந்துச்சு. கடைக்காரரு தெரிஞ்சவரு. பில்லை மாத்திப் போட்டுக் குடுத்தாரு."

"அப்ப மேடம் வராந்தாவுல நின்னு மோந்து பாத்தப்ப..."

"வாடை அடிக்கல. ஆக்சிஜனுக்கு வாடை கிடையாது தம்பி."

சந்தில் யாரோ கோலப்பொடி விற்றுக்கொண்டு போனார்கள். ஜெர்சன் நோட்டை மூடிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"இதை அன்னைக்கே எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் மேடம். அவர் குரல் அவருடையதுபோலவே இல்லை.

"சொல்ல வந்தேன். ஆடிட் வந்த மூணாம் நாள் காலையில, உங்க மேசைக்கு முன்னால வந்து நின்னேன். தனியா ஒரு வார்த்தை சொல்லணும் மேடம்னேன். நீங்க ஃபைலைப் பாத்துக்கிட்டே, எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்கன்னீங்க. பொய் பில்லு போட்டேன்னு நான் எழுத்துல குடுத்தா டாக்டருக்கும் வேலை போகும், கடைக்காரருக்கும் கேஸ் வரும். அதான் பேசாமப் போயிட்டேன்."

"எனக்கு ஞாபகம் இல்ல."

"இருக்காது மேடம். உங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ பேரு."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே மேடத்துக்குச் சமாதானம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எதுக்கு இப்ப வந்தீங்க? யாருக்காவது ஏதும் ஆச்சா?"

ஜெர்சன்தான் சொன்னான். ஷாம் பெயரைக் கேட்டதும் தேவமணி நோட்டை அவன் கையிலிருந்து வாங்கி, அந்தப் பக்கத்தைத் திறந்து, நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மிக்ஸி துடைத்த துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கல்யாணப் பத்திரிகை கொண்டாந்து குடுத்தான் மேடம். போக முடியல. அதுக்குள்ள உங்க ஆடிட் வந்திருச்சு."

நோட்டை இரவல் கேட்க மேடத்துக்கு வாய் வரவில்லை. தேவமணியே அதை ஜெர்சனிடம் திருப்பிக் கொடுத்தார்.

சந்து முனைக்கு வந்ததும் மேடம் வண்டியில் ஏறாமல் நின்றார். வெயில் முகத்தில் அடித்தது.

"ஏலே ஜெர்சா. நான் எழுதுனதுல ஒரு எழுத்துப் பிழைகூடக் கிடையாது. பில்லு பொய்தான. இன்னைக்குக் கூப்பிட்டு எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுத முடியும்." கொஞ்சம் நிறுத்தினார். "கடைசி வரி என்ன எழுதுனேன் தெரியுமா? இத்தகைய செலவினங்கள் இனி நிகழாதவாறு உறுதி செய்யப்பட வேண்டும். உறுதி செஞ்சிட்டாங்கல்ல, பூட்டி அரக்கு வச்சு."

"நீங்க என்ன மேடம் செய்வீங்க. உங்களுக்குத் தெரியாதுல்லா."

"ரெண்டு நிமிஷம் நிமிந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

மூன்று வருஷத்தில் மேடம் அழுது ஜெர்சன் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கக் கூடாது என்று வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் குனிந்து நோண்டிக்கொண்டிருந்தான். இவ்வளவு காலம் எத்தனை பேரிடம் அந்தப் பினாயில் கதைக்குப் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

ஜெனோவாவின் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கோயிலில் மாலை மணி அடித்துக்கொண்டிருந்தது. சின்ன வீடு. வாசல் கொடியில் ஷாமின் நீச்சல் கண்ணாடி இன்னமும் தொங்கியது. உள்ளே மாமியார் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆள் வந்த சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

மேடம் சுற்றி வளைக்கவில்லை.

"நீ சரியான வாசலுக்குத்தான் கூட்டிட்டுப் போயிருக்கம்மா. அந்த மெஷின் இருபது பேரைக் காப்பாத்தியிருக்கு. ஓட்டுனவரு எழுதி வச்ச நோட்டுல உன் வீட்டுக்காரரு பேரும் இருக்கு. ஓட்டுனவரு நல்ல மனுஷன். அவரை வெளிய அனுப்பி அந்தக் கதவை அடைச்சது நான். அப்ப நான் ஆடிட் ஆபீசர். தெரியாமத்தான் செஞ்சேன். ஆனா செஞ்சது நான்தான்."

ஜெர்சன் ஒரு அடி முன்னால் வந்து நின்றான். ஜெனோவா ஏதாவது எடுத்து எறிந்தால் தன் மேல் படட்டும் என்று நினைத்தான். அவள் எறியவில்லை. மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நினைக்கிறாள் என்று அவனால் சொல்ல முடியவில்லை.

"அவரு பேரு பக்கத்துல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"நடந்து போனான்னு எழுதியிருக்கு."

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "உங்கள மன்னிக்கணுமா வேண்டாமான்னு எனக்கு இப்பச் சொல்லத் தெரியல. ஆனா வாயால சொன்னா இங்கன யாரும் நம்ப மாட்டாங்க மேடம். எழுத்துல குடுங்க."

மேடம் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தார். ஜெர்சன் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தான். கீழே வைத்து எழுத அந்த நாற்பது பக்க நோட்டையும் கொடுத்தான். எத்தனையோ பேருடைய தலையெழுத்தை எழுதிய கை, ஒரு பக்கம் எழுத இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டது. பெயர், பழைய பதவி, கையெழுத்து, தேதி எல்லாம் போட்டார். தேவமணி கணக்கில் இருந்த ஷாமின் வரியை நடுவில் அப்படியே எடுத்தெழுதினார். இதனால் தேவமணிக்கு இன்னொரு தொல்லை வராமல், எழுதியதற்கெல்லாம் தானே பொறுப்பு என்று கீழே ஒரு வரி சேர்த்தார்.

ஜெனோவா தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. அவளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். வாசலில் நின்ற இருவருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் மெல்லத் திரும்பினாள். நாற்பது நாளில் மருமகளிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஏளா, அந்த நடந்து போனான்ங்கத இன்னொரு தடவ படி."